இடது ஓரத்தில் ஒரு பொட்டு

என் முன்னால் இருப்பது ஆஸ்பத்திரித் தாள் ஒன்று. அதில் நான் பென்சிலால் வரைந்த கடிகாரம் இருக்கிறது. வலது கீழ் மூலையில் சிறு கட்டம் போட்டு, “தேதி 14.3.2002. அளவுக்கு வரையப்படவில்லை” என்று எழுதியிருக்கிறேன். அதன் கீழே “வரைந்தவர்” என்ற இடத்தில் என் கையெழுத்து. “சரிபார்த்தவர்” என்ற இடம் காலி.

தேதி சரிதான். பிற்பாடு மற்றக் காகிதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். வட்டமும் பரவாயில்லை. ஆனால் பன்னிரண்டு எண்களும் வட்டத்தின் வலது பாதியில் பஸ் கூட்டம்போல நெருக்கியடித்து நிற்கின்றன. இடது பாதியில் ஒன்றுமே இல்லை. வரைந்து முடித்த அன்று அது முழுக் கடிகாரம் என்றுதான் நினைத்தேன். டாக்டரிடம் கொடுத்துவிட்டு, அடுத்தது என்ன என்பதுபோல் அவரைப் பார்த்ததும் நினைவிருக்கிறது.

அந்தச் சிறு கட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெங்களூரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில் வேலை செய்தவன் நான். கம்ப்யூட்டர் வந்து டிராயிங் போர்டுகளை ஓரங்கட்டியபோது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஜீவனஹள்ளி வீட்டில் உட்கார்ந்தேன். எங்கள் ஆபீசிலிருந்து எந்தப் படமும் ஒருவர் பெயரில் மட்டும் வெளியே போகாது. வரைந்தவர் ஒருவர், சரிபார்த்தவர் இன்னொருவர். இரண்டாம் கையெழுத்து இல்லாத படத்தை வைத்து யாரும் இரும்பை வெட்ட மாட்டார்கள். மூளையில் பாதி உலகம் அணைந்துபோன பிறகும் கை அந்தக் கட்டத்தைப் போட மறக்கவில்லை.

நோய் வந்தது காலையில், குளிக்கும்போது. இடது கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. எடுத்தேன், மறுபடி விழுந்தது. சொம்பு வழுக்குகிறது என்று நினைத்துச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வெளியே வந்த என்னைப் பார்த்த என் மனைவி தனம் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்ததாம். ஆட்டோவில் போகும் வழியெல்லாம், “ஒண்ணுமில்லடி, வழுக்குற சொம்பு” என்று சொல்லிக்கொண்டே வந்தேனாம். எனக்கு நினைவில்லை. அவள் சொன்னதை எழுதுகிறேன்.

தலையை சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். தலையை உச்சியிலிருந்து தட்டுத் தட்டாக வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படிப் படம் பிடிப்பது அது. எங்கள் தொழிலில் குறுக்குவெட்டுத் தோற்றம் என்போம். டாக்டர் விளக்கின் முன்னால் பிலிமைப் பிடித்து, மூளையின் வலது பக்கத்தில் ரத்தம் போகாமல் கறுத்திருந்த இடத்தைக் காட்டினார். வலது மூளைதான் இடது உடம்பை நடத்துகிறது. அதனால் இடது கையும் காலும் மரத்துவிட்டன. அதோடு இன்னொன்றும் நடந்திருந்தது. கண்ணில் கோளாறு இல்லை. ஆனால் இடது பக்கத்தில் இருப்பதை மனம் கவனிப்பதில்லை. இல்லாதது என்றே எடுத்துக்கொள்கிறது.

என் மகள் கவிதாவுக்கு அந்த நோயின் பெயர் முன்பே தெரியும். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டுத் தட்டெழுதும் கம்பெனியில் அவளுக்கு வேலை. “எத்தனையோ வாட்டி அடிச்சிருக்கேம்பா,” என்றாள். “ஸ்பெல்லிங் கரெக்டா இருக்கான்னுதான் பார்த்திருக்கேன். இப்பிடித்தான் இருக்கும்னு தெரியாது.”

மூன்று மாதத்திற்குள் திரும்புவது பெரும்பாலும் திரும்பும், அதற்குப் பிறகு திரும்பினால் அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். திரும்பும்வரை தனியாக வாசற்படி தாண்டக் கூடாது, ரோடு கடக்கவே கூடாது. தனம் அழுதாள். நான் தலையாட்டினேன்.

நோயைப் பற்றி மற்றவர்கள் எழுதிய பல நூல்களைப் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் பயம் இருக்கும். இதிலும் அதை எழுத வேண்டும் என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. எனக்கு என்ன ஆகிவிட்டது என்ற உணர்வையும் அந்த நோய் எடுத்துக்கொண்டு போய்விடுமாம். பயமெல்லாம் தனத்துக்கும் கவிதாவுக்கும் போயிற்று. பில் வந்தபோது கவிதா அதை என் கண்ணில் படாமல் கட்டினாள். “ஒளிக்கவே இல்லப்பா. உங்க லெஃப்ட் சைடுல வெச்சேன், அவ்ளோதான்,” என்று பின்னால் சிரித்தாள்.

சாப்பாட்டில்தான் முதல் சண்டை.

“இன்னா தனம், டெய்லி வெறும் சோறும் சாம்பாரும்? பொரியல் செய்யறதில்லையா?”

“வெச்சிருக்கேனே. பீன்ஸ் பொரியல்.”

“எங்க?”

“தட்டுல.”

“தட்டுலதான் இல்லையே!”

பக்கத்துக் கட்டிலில், என் வலது பக்கத்தில், பாஷா பாய் என்று ஒருவர் இருந்தார். சிவாஜிநகரில் துணிக்கடை. சர்க்கரையால் கால் விரலில் புண். அவர் எழுந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். “அரே சார், அவ்ளோ பச்சையா குந்தினு இருக்கு பீன்ஸு. ஊட்டுக்காரம்மா மேல கோவம்னா நேரா சொல்லுங்கோ. பீன்ஸ இன்னாத்துக்கு இழுக்கறீங்கோ?”

தனம் தட்டைத் திருப்பி வைத்தாள். பொரியல் வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் நான் பாதி சாப்பிட்டதும் அவள் தட்டைத் திருப்பினாள்.

இரண்டாவது விஷயத்தை எழுதுவது கஷ்டம். தனம் எங்கே, தனம் எங்கே என்று நான் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தேன். காலையில் வருகிறாள், சோறு போடுகிறாள், உடனே எங்கே போய்விடுகிறாள்? பாஷா பாய் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: “க்யா சார், காலைலேர்ந்து உங்க கையப் புடிச்சினு குந்தினு இருக்காங்கோ. என்னைக் கேக்கறீங்களே எங்கன்னு!”

அவள் என் இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிடித்திருந்தது மரத்துப்போன இடது கை.

வலது பக்கம் வந்து உட்கார்ந்திருக்கலாம். ஆனால் பயிற்சி கொடுக்க வந்த ஷைலா மேடம் அதைத் தடுத்துவிட்டார். அவர் கன்னடக்காரர், எங்களிடம் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். “அம்மா, நீவு ரைட்டுக்கு வந்தா சார் லெஃப்ட்ட மறந்துபிடுவாரு. லெஃப்டல்லே இருங்க. லெஃப்ட்லேர்ந்தே கூப்பிடுங்க. ஸ்வல்ப கஷ்டந்தான்.” அதனால், இல்லவே இல்லை என்று நான் நினைத்த இடத்திலேயே தனம் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தே என் பெயர் சொல்லாமல், “இங்க, இங்க” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்கிருந்தோ ஒரு குரல் வருகிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

என் கட்டிலுக்கு நேரே அகலமான ஜன்னல். வெளியே ரோடு. ஒரு மத்தியானம் கவிதாவிடம் பென்சில் கேட்டு வாங்கி, தெரிந்ததை வரைந்தேன். பேக்கரி, பஸ் ஸ்டாப், கம்பம், கம்பத்திலிருந்து நாலாபக்கமும் போகும் ஒயர்கள். பாலிடெக்னிக்கில் படித்த நாட்களில் பஸ் ஸ்டாண்டில் நின்று பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் ஆட்களை வரைந்துகொண்டிருப்பேன். டிராயிங் ஆபீசில் சேர்ந்த பிறகு அது நின்றுபோயிற்று. அங்கே கையால் போட்ட கோடு என்றால் பிழை என்று பொருள். ஸ்கேல் இல்லாமல் கோடு போட்டது அன்றைக்குத்தான், அத்தனை காலத்துக்குப் பிறகு. சந்தோஷமாக இருந்ததா என்றால் இல்லை. கை ஓடியது, அவ்வளவுதான். கட்டம் போட்டு, தேதி போட்டு மகளிடம் கொடுத்தேன்.

அவள் பார்த்தாள். “நல்லா இருக்குப்பா,” என்று சொல்லிவிட்டு வராண்டாவுக்குப் போய்விட்டாள். தாளின் வலது பாதி முழுக்க ரோடு. இடது பாதி வெள்ளையாக இருந்திருக்கிறது.

ஷைலா மேடம்தான் அதைப் பயிற்சியாக மாற்றினார். தினமும் ஒரு படம் வரைய வேண்டும், இடது ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். ஓரம் தெரிவதற்காகத் தாளின் இடது பக்கம் சிவப்பாக ஏதாவது அடையாளம் வைக்கச் சொன்னார். தனம் தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துத் தாளின் இடது ஓரத்தில் ஒட்டினாள்.

“பொட்டு தெரியற வரைக்கும் போங்க. தெரிஞ்ச அப்புறம் வரைங்க.”

முதல் நாள் பொட்டு தெரியவே இல்லை. அவள் என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். பல் டாக்டர்கூட அப்படிப் பிடித்ததில்லை. தெரிந்தது. அங்கிருந்து ஒரு கோடு இழுத்தேன். தலை தானாக வலது பக்கம் திரும்பிவிட்டது. மறுபடி தாடை. “இந்த மாதிரி கல்யாணத்தப்பவே புடிச்சுத் திருப்பியிருக்கணும்,” என்றாள். பாஷா பாய் புண் காலை மறந்து சிரித்தார்.

ஏப்ரலில் வீட்டுக்கு வந்தேன். பாஷா பாய் எனக்கு முன்பே போயிருந்தார். “நடக்கறதுக்கு வந்ததும் கடைக்கு வாங்கோ, வாசல்ல ஸ்டூல் போட்டுடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் தட்டிலும் பொட்டு, கண்ணாடியிலும் பொட்டு, கதவின் இடது நிலையிலும் பொட்டு. அந்த நிலையில் என் தோள் தினமும் இடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் சொன்ன மூன்று மாதம் ஜூனோடு முடிந்தது. கால் திரும்பியது. கை பாதி திரும்பியது. இடது பக்கம் வருவதும் போவதுமாக இருந்தது. மாலையில் களைத்துவிட்டால் சுத்தமாகப் போய்விடும். மறுபரிசோதனையில் டாக்டர் மறுபடி கடிகாரம் வரையச் சொன்னார். பொட்டு இல்லாத தாள். எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் விடுபட்டிருந்தன. “தனியா போக வேண்டாம். பார்க்கலாம்,” என்றார். “பார்க்கலாம்” என்று டாக்டர் சொன்னால் என்ன பொருள் என்று தட்டெழுதித் தட்டெழுதிக் கவிதாவுக்குத் தெரிந்திருந்தது.

தனத்துடன் தினமும் வெளியே போனேன். அவள் என் இடது பக்கத்தில் நடப்பாள். மடக்கு ஸ்டூலும் அட்டையும் அவள் பையில் இருக்கும். முதலில் எங்கள் தெரு முனைத் தண்ணீர்க் குழாய். பிறகு ரயில் பாதை ஓரத்துச் சுவர். பிறகு காக்ஸ் டவுன் மார்க்கெட்டின் வாசல். நான் வரைவேன். அவள் பக்கத்தில் நின்று, தாளையும் தெருவையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

“இங்க ஒரு ஸ்கூட்டர் நிக்குது. போடல.”

“எங்க?”

“பொட்டுக்குப் பக்கத்துல.”

போடுவேன். எல்லாம் வந்த பிறகுதான் “சரிபார்த்தவர்” இடத்தில் “த” என்று போடுவாள். எங்கள் ஆபீசில் இருந்த செக்கர்கள் யாரும் இவ்வளவு கறாராக இருந்ததில்லை. ஒருமுறை படுத்திருந்த நாயை விட்டுவிட்டேன் என்று கையெழுத்துப் போட மறுத்தாள். “அது இப்பத்தான் வந்துச்சு,” என்றேன். “நீங்க வரையறதுக்கு முன்னாடிலேர்ந்து தூங்குது,” என்றாள். நாய் எழுந்து போய்விட்டது. நினைவிலிருந்து வரைந்து கையெழுத்து வாங்கினேன்.

எப்போது அது பயிற்சியிலிருந்து வேறொன்றாக மாறியது என்று தேடிப் பார்த்தேன். படங்களில் தேதி இருக்கிறது, ஆனால் அது தேதியில் தெரிவதில்லை. மழைக்காலத்தில் ஒருநாள் நனைந்த சுவரை வரையும்போது, கோடு நடுங்கியிருப்பதைப் பார்த்தேன். அழிக்க ரப்பரை எடுத்தேன். சுவரும் அப்படித்தான் நடுங்கி நின்றது. ரப்பரைக் கீழே வைத்துவிட்டேன். விரல் நுனியில் ஒரு சிறு வெப்பம். நோய்க்குப் பின் எதற்காவது வருத்தமோ மகிழ்ச்சியோ வந்ததா என்று கேட்டால், அந்த வெப்பத்தைத்தான் முதலில் சொல்வேன். வீட்டுக்கு வந்ததும் அதுவும் போய்விட்டது. மறுநாள் அதற்காகவே போனேன்.

டிசம்பரில் நான் கேட்டேன், பாஷா பாய் கடை வரைக்கும் தனியாகப் போகட்டுமா என்று. தனம் கேஸ் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ரோடு?”

“ஆட்டோல போய் வாசல்லயே எறங்கறேன். பாய் இருப்பாரு.”

“பொட்டு?”

“பொட்டு வேணாம்.”

வெகுநேரம் துடைத்தாள். “பொட்டு இல்லாம முழுசா ஒரு படம் வரைஞ்சு எடுத்துட்டு வாங்க. அப்புறம் எங்க வேணா போங்க. வரலேன்னா, இனி கேக்கக் கூடாது. என்னால முடியல.” கடைசி இரண்டு சொற்களை அவள் அதற்கு முன்பு சொன்னதில்லை.

சிவாஜிநகரில் பாஷா பாய் சொன்னபடி வாசலில் ஸ்டூல் போட்டிருந்தார். எதிரே சந்து முழுக்கக் கூட்டம். கறிக்கடையில் தொங்கும் ஆட்டுத் தொடைகள், துணி மூட்டையோடு கைவண்டி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகும் ஆட்கள், மேலே ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்டுகள். தாளின் இடது ஓரம் வெறுமையாக இருந்தது. அங்கே போய் நிற்கும்படி கண்ணிடம் சொன்னேன். நழுவியது. மறுபடி கொண்டுபோனேன். தாடையைப் பிடிக்க ஆள் இல்லை. நானே வலது கையால் தாடையைப் பிடித்துத் திருப்பினேன். ரோட்டில் போனவர்கள் என்ன நினைத்தார்களோ.

இடது ஓரத்தில் ஒரு பூட்டிய கடை. அதன் படியில் ஒரு பெண் குடை பிடித்து நின்றிருந்தாள். வெயில் குடை. இன்னொரு கையில் பை. முதலில் குடையின் வளைவைப் போட்டேன். பிறகு தோள், பிறகு பையின் கனத்தால் சாய்ந்த உடம்பு. முகம் நிழலில் இருந்தது, அதனால் போடவில்லை. அங்கிருந்து வலது பக்கம் நகர்ந்தேன். அந்த வெப்பம் வந்தது, படம் முடியும்வரை போகவில்லை.

பாஷா பாய் டீயோடு வந்து எட்டிப் பார்த்தார். தாளைப் பார்த்தார், எதிரே பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

“சார், இது யாரு?”

“யாரோ. பஸ்ஸுக்கு நிக்கறாங்க போல.”

“பஸ் இந்தச் சந்துல எங்க சார் வரும்? நல்லா பாருங்கோ.”

நிமிர்ந்து பார்த்தேன். தனம் குடையை மடக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். நான் ஏறிய ஆட்டோவுக்குப் பின்னாலேயே இன்னொரு ஆட்டோவில் வந்திருக்கிறாள். எனக்கு இடது பக்கமாகப் பார்த்து நின்றிருக்கிறாள். கூப்பிடவில்லை.

தாளை வாங்கிப் பார்த்தாள். “இவ்ளோ குண்டாவா இருக்கேன்?” என்று கேட்டாள். பாஷா பாய், “பை சிஸ்டர், பைதான் குண்டு,” என்றார். தனம் பென்சிலை வாங்கி “த” போட்டாள். குடையும் பையுமாக நின்றபடி போட்டதால் அந்த எழுத்து சரியாக விழவில்லை. அதை அழிக்கவில்லை.

அதன் பிறகு நான் தனியாகப் போகிறேன். ஊருக்கு வெளியே சந்தாபுரா வரை பஸ்ஸில் போய் வரைந்துவிட்டு வந்திருக்கிறேன். மாலையில் களைத்தால் இன்றும் இடது பக்கம் மங்கும். அப்போது ரோடு கடக்காமல் உட்கார்ந்துவிடுவேன்.

2004 இறுதியில் மறுபரிசோதனைக்குப் போனபோது, தனத்தையும் கவிதாவையும் கூட்டிக்கொண்டு அந்த ஜன்னலைப் பார்க்கப் போனேன். வார்டை எடுத்துவிட்டு அந்த அறையில் காகிதங்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். நர்ஸ் சிறிது நேரம் நிற்க அனுமதித்தார். பழைய படத்தில் இடது பாதியை நிரப்பிவிட வேண்டும் என்பது என் எண்ணம். பேக்கரி இருந்தது, பஸ் ஸ்டாப் இருந்தது. இடது பக்கம் ரோட்டை அகலப்படுத்தி, கண்ணாடிச் சுவரோடு புதுக் கட்டடம் எழும்பியிருந்தது.

“இது அப்ப இல்ல,” என்றாள் தனம். “இங்க பெரிய மரம் இருந்துச்சு. தூங்குமூஞ்சி மரம். சாயங்காலம் ஆனா காக்கா கத்தும் பாருங்க, காது கிழியும். உங்க கையப் புடிச்சினு அதத்தான் பார்த்துட்டு இருப்பேன்.”

“மரம் இங்க இல்லம்மா,” என்றாள் கவிதா. “அது பின்பக்கம், கேண்டீன் கிட்ட. இங்க காம்பவுண்டு சுவர்தான்.”

“நீ நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து தூங்கி வழிஞ்சவ. உனக்கு இன்னா தெரியும்?”

“நீதான் அழுதுட்டே இருந்தே. உனக்கு மரம் எங்க தெரிஞ்சிருக்கும்?”

கீழே இறங்கிப் பேக்கரியில் கேட்டேன். கடையைத் தான் வாங்கியே ஒரு வருஷம்தான் ஆகிறது என்றார் கடைக்காரர். பஸ் ஸ்டாப்பில் கேட்டேன். ஒருவர் மரம் என்றார், இன்னொருவர் எந்த மரம் என்றார். பாஷா பாய்க்கு போன் செய்தேன். “சார், நான் உங்களையும் பீன்ஸையும்தான் பார்த்தேன்,” என்றார். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் படுத்திருந்தேன். காக்கைச் சத்தம்கூட எனக்கு நினைவில்லை.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பொருள் இருக்கிறது, ஆனால் நாம் நிற்கும் இடத்திலிருந்து அதன் விளிம்பு தெரியாது என்றால், அதை விட்டுவிடக் கூடாது. முழுக் கோடும் போடக் கூடாது. விட்டு விட்டு, சிறு சிறு கோடுகளாகப் போட வேண்டும். பழைய தாளின் இடது பாதியில் அப்படி ஒரு மரம் வரைந்தேன். அதன் கீழே, ஜன்னலுக்கு இந்தப் பக்கம், ஒரு நாற்காலியும் அதில் ஒரு பெண்ணும். அவளுக்கு முழுக் கோடு போட்டேன். அது சரிபார்க்கப்பட்ட விஷயம்.

தனம் பென்சிலை எடுத்து “த” போட வந்தாள். வேண்டாம் என்றேன். கோபித்துக்கொண்டாள். ஆனால் கவிதா மறுத்துக்கொண்டிருக்கும்வரை விதி விதிதான்.

2002 மார்ச்சில் என் இடது பக்கத்து ரோட்டோரத்தில் மரம் இருந்ததா இல்லையா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதியாகவில்லை. படத்தில் “சரிபார்த்தவர்” என்ற இடம் காலியாகவே இருக்கிறது.